காலி வீட்டுக்குச் சேர்ந்தே போங்கள்

போன வாரம் காலை நடையை முடித்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. மைதானப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்காரர் கேட் அருகிலேயே பிடித்துக்கொண்டார். அவருடைய மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூனில் கிளம்புகிறார். பெண்ணும் நாலு வயதுப் பேரனும் செப்டம்பரில் போவதாகத் திட்டம்.

"மாப்பிள்ளை முதல்ல போய் வீடு பிடிச்சு, சாமான் செட்டெல்லாம் வாங்கிப் போட்டுடுவார் சார். அப்புறம் இவங்க போனா அலைச்சல் இல்ல பாருங்க. நீங்கதான் அனுபவஸ்தர். என்னென்ன வாங்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்களேன்."

மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அங்கேயே ஒரு பேப்பர் வாங்கி லிஸ்ட் போட்டுக் கொடுத்திருப்பேன். இப்போது, "மூணு பேரும் சேர்ந்தே போகச் சொல்லுங்க. சாமானை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பச்சைக் குழந்தையைக் காலி வீட்டுல படுக்க வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். மாடிப்படி ஏறும் நேரத்தில் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பல பேர் வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் ஒரு காரணம்.

2022-ல் என் மகனுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் வேலை கிடைத்தது. மகன், மருமகள், ஆறு வயதுப் பேத்தி மூன்று பேருக்கும் விசா ஒன்றாகவே வந்தது. சேர்ந்து போவதில் ஒரு தடையும் இல்லை. நான்தான் குறுக்கே விழுந்து யோசனை சொன்னேன். "நீ முன்னாடி போடா. வீட்டை ஒழுங்கு பண்ணிட்டு அவங்களைக் கூப்பிட்டுக்கோ. பொம்பளைப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காலி வீட்டுல நிக்காதே." அவன் கேட்டுக்கொண்டான். மருமகளிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஜெர்மனியில் காலி வீடு என்றால் எவ்வளவு காலி என்பதை நம் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நந்தனத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் சமையல் மேடை இருக்கும், தொட்டி இருக்கும், பரண் இருக்கும், ஃபேன் மாட்டியிருக்கும், ட்யூப்லைட்டாவது தொங்கும். அங்கே பல வீடுகளில் சமையலறை என்ற அறையில் தண்ணீர்க் குழாயின் முனையும் மின்அடுப்புக்கான இணைப்பும் மட்டுமே இருக்கின்றன. மேடை, தொட்டி, அலமாரி, அடுப்பு எல்லாம் குடிவருபவர் பொறுப்பு. விளக்கு மாட்ட வேண்டிய இடத்தில் ஒயர் தொங்கும். புதுச் சமையலறைக்கு ஆர்டர் கொடுத்தால் வந்து சேரப் பல வாரம் ஆகும். மின்அடுப்பின் இணைப்பு மூன்று ஃபேஸ் என்பதால் அதை எலக்ட்ரீஷியன்தான் வந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால், முன்பு குடியிருந்தவர் போட்ட சமையலறையை அவரிடமே விலை பேசி வாங்கிக்கொள்ளலாம். இதற்கு அங்கே 'அப்லோசெ' என்று பெயர்.

நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே வாடகை வீட்டில் மூன்று வகை உண்டு. முழுக்க மேசை நாற்காலி போட்டது ஒன்று. தரைவிரிப்பும் திரைச்சீலையும் மட்டும் உள்ளது இரண்டாவது. மூன்றாவது மொட்டை வீடு. அதில் காலி செய்து போகிறவர் தரையின் மேல்பரப்பைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார். அமெரிக்காவில் நிலைமை வேறு. மேசை நாற்காலி இருக்காது, ஆனால் அடுப்பும் ஃபிரிட்ஜும் பெரும்பாலும் வீட்டோடு வரும். சிங்கப்பூரில் வீவக என்று தமிழில் சொல்லும் அடுக்குமாடி வீடுகளில், கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் போட்டே வாடகைக்கு விடுவது சகஜம். ஆகவே, 'வெளிநாடு போகிறோம், என்ன வாங்குவது' என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த நாடு, எந்த வீடு என்று கேட்க வேண்டும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் 'கால்ட்மீட்டெ', அதாவது குளிர் வாடகை, என்பது வீட்டுக்கு மட்டும். சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தால் 'வார்ம்மீட்டெ', சூடான வாடகை. மின்சாரம் பெரும்பாலும் அதற்கும் வெளியே. முன்பணம் குளிர் வாடகையில் அதிகபட்சம் 3 மாதம் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம். நம் ஊரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டமும், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் 3 மாதம்தான் என்கிறது. அந்தச் சட்டம் எத்தனை வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தது என்பது வேறு கதை. சொல்ல வந்தது இதுதான்: முன்பணமும் முதல் மாத வாடகையும் கொடுத்தபின் கையில் மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில்தான் வீட்டை நிரப்ப வேண்டும்.

என் மகன் அதை ஐந்தே வாரத்தில் நிரப்பிவிட்டான். பகலெல்லாம் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். சுவரில் துளை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். ஆகச் சனிக்கிழமை ஒன்றுதான் வாய்த்தது. ஐந்து சனிக்கிழமையில் சோபா, எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, கட்டில்கள், அலமாரிகள் எல்லாம் வாங்கினான். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குத் தட்டை அட்டைப்பெட்டிகளாகத் தூக்கி ஏற்றினான். சமையலறையை முன்பிருந்தவரிடமே வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் வீடியோவில் காட்டுவான். நான் இங்கே ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "பலே, பலே" என்பேன். எட்டுப் பேர் மேசையும் என் யோசனைதான். "நாலு பேர் வந்து போற வீடா இருக்கணும்" என்று நான்தான் சொன்னேன்.

மருமகளும் பேத்தியும் போய்ச் சேர்ந்தார்கள். "வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு மாமா" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலில் நானும் என் மனைவியும் போனோம். போன இரண்டாம் நாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தேன். மணை மாதிரி ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தாள். நம் ஊரில் சமையல் மேடை 33, 34 அங்குல உயரம் இருக்கும். அங்கே 36, 37. அவள் ஐந்தடி உயரம். என் மகன் கிட்டத்தட்ட ஆறடி. மேடையை வாங்கும்போது அவன் நின்று பார்த்து, "வசதியா இருக்கு" என்றிருக்கிறான். அவனுக்கு வசதிதான். அவன் அங்கே நின்று காபி மட்டும் போடுகிறான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இங்கிருந்து அவள் கொண்டுபோன எவர்சில்வர் டப்பாக்கள், அஞ்சறைப்பெட்டி எல்லாம் ஏழு மாதமாகியும் பெட்டியிலேயே இருந்தன. தேவைப்படும்போது எடுத்து, திரும்பவும் பெட்டியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அலமாரிலதான் இடம் இருக்கே?" என்றேன். பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் அவர் ஒரு முறையா அடுக்கி வச்சிருக்கார் மாமா. இது அவர் வீடு. நான் வந்து தங்கியிருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு என்னவோ செய்தது.

அன்று ராத்திரி என் மனைவியிடம் புலம்பினேன். எல்லா வசதியும் செய்து வைத்திருக்கிறான், இந்தப் பெண் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்றேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, "நாக்பூர்ல நீங்களும் இதைத்தானே பண்ணீங்க" என்றாள்.

நாற்பது வருடம் கழித்து எனக்கு அந்த விஷயம் தெரியவந்தது.

1983-ல் எனக்கு வங்கியில் பதவி உயர்வு கொடுத்து நாக்பூருக்கு மாற்றினார்கள். நான் முதலில் போனேன். தரம்பேட்டில் வீடு பிடித்தேன். இரண்டு கட்டில், மேசை, நாலு பிரம்பு நாற்காலி, மண்ணெண்ணெய் ஸ்டவ், வாளி, துடைப்பம் வரை வாங்கிப் போட்டுவிட்டுக் கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து என் மனைவி கைக்குழந்தையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். நான் வீட்டைப் பெருமையாகச் சுற்றிக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. அவள் என்ன சொன்னாள் என்பது ஞாபகம் இல்லை. இப்போது கேட்டால், "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கேக்கவும் இல்ல" என்கிறாள். ஆட்டுக்கல் வைக்க இடமில்லாத வீடு. தண்ணீர் பின்கட்டில், சமையல் முன்கட்டில். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் மூன்று வருடம் நடந்திருக்கிறாள். "நான் கூட வந்திருந்தா அந்த வீட்டையே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

ஆண் முன்னே போய் எல்லாவற்றையும் தயார் செய்வது என்ற இந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நம் ஆட்கள் கடல் கடந்து போன பழைய கதைகளில் பெண்கள் போனது குறைவு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போனார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள். ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு பாய். தொழில் செய்யும் இடத்துக்குப் 'பெட்டியடி' என்றே பெயர். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்புவார்கள். அவர்கள் போன இடத்தில் வீட்டை நிரப்பவே இல்லை. பர்மாத் தேக்கை இங்கே கொண்டுவந்து செட்டிநாட்டு வீடுகளை நிரப்பினார்கள்.

ஆக, அந்தக் காலத்து முறையில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆண் தங்கும் இடம் அங்கே, குடும்பத்தின் வீடு இங்கே. இப்போது குடும்பமே அங்கே போகிறது. ஆனால் போகும் முறை மட்டும் பழைய முறையாகவே இருக்கிறது. தனியாகத் தங்கும் ஆண் தனக்குப் பிடித்த மாதிரி நிரப்பிய இடத்தில், பின்னால் வந்து சேர்கிறவர்கள் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள்.

இரண்டாம் மாடிக்காரரின் கேள்விக்கு வருகிறேன். குழந்தையைக் காலி வீட்டில் படுக்க வைப்பதா?

முதல் ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம், எல்லாம் உள்ள தற்காலிக வீட்டை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அதில் தங்கட்டும். வாடகை கூடுதல்தான், மறுக்கவில்லை. சில கம்பெனிகள் அந்தச் செலவை ஏற்கின்றன, கேட்டால்தான் தெரியும். தற்காலிக வீட்டில் இருந்துகொண்டே நிரந்தர வீட்டைச் சேர்ந்து பார்க்கலாம். சமையலறையில் அவள் நின்று பார்க்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு தூரம் என்று குழந்தை நடந்து பார்க்கட்டும்.

அதற்கும் வழியில்லாமல் அவர்தான் முதலில் போயாக வேண்டுமென்றால், வீட்டுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சமையலறையை வீடியோவில் காட்டி மேடையின் உயரத்தை டேப் வைத்து அளந்து சொல்லட்டும். வீடு கிடைத்ததும் மூன்று மெத்தை, போர்வை, இரண்டு விளக்கு, ஒரு சின்ன மின்அடுப்பு, ஒரு பாத்திரம். அதோடு நிறுத்திக்கொள்ளட்டும். சோபா இல்லாமல் யாரும் செத்துப்போனதில்லை. கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவர்கள்தானே நாம்? குழந்தைக்கு வேண்டியது மெத்தையும் பக்கத்தில் அம்மா அப்பாவும். கட்டில் அடுத்த மாதம் வரட்டும்.

இதில் காசும் மிச்சம். ஜெர்மனியில் பழைய சாமானுக்கு ஒரு தனி உலகமே இருக்கிறது. நல்ல நாற்காலியை, அலமாரியை, 'இலவசம், எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இணையத்தில் கால் விலைக்கு, அரை விலைக்கு விற்கிறார்கள். ஆனால் அவசரத்தில் இருப்பவனுக்கு அந்த உலகம் கண்ணில் படாது. ஐந்து சனிக்கிழமையில் வீட்டை முடிக்க வேண்டியவன் கடைக்குப் போய் முழு விலை கொடுத்துத்தான் வாங்குவான்.

இங்கிருந்து கட்டிக் கொடுப்பது பற்றியும் நாலு வார்த்தை. அங்கேயும் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான். மிக்ஸி ஓடும், ப்ளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும். அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே போகிறவர்கள் அதற்கென்றே விற்கும் மிக்ஸியை வாங்க வேண்டும். குக்கர் வாங்கினால் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யும் அடிப்பாகம் உள்ளதா என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். வெறும் அலுமினியக் குக்கர் அந்த அடுப்பில் சூடேறாது. நெய், பால்கோவா வைத்து அனுப்பாதீர்கள். ஐரோப்பிய நாடுகளுக்குள் பயணிகள் பால் பொருள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. கோயம்புத்தூர் டேபிள்டாப் கிரைண்டரை அனுப்பலாம், ஆனால் பெட்டிக்கு 23 கிலோ என்றால் அதில் பாதியைக் கல்லே தின்றுவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதை ஓட்டவும் முடியாது. குழந்தை தினமும் போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையைக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இன்னொரு விஷயம் நம்மைப் பற்றியது. நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வீடியோவில் பார்த்து "பலே" சொல்வதும், "எட்டுப் பேர் மேசையா வாங்கு" என்பதும், கல்யாணத்துக்குக் கொடுத்த தேக்குக் கட்டிலைக் கப்பலில் ஏற்றலாமா என்று விசாரிப்பதும் நம் ஆசைகள். அந்த மேசையில் அவர்கள் மூன்று பேர்தான் சாப்பிடுகிறார்கள். மீதி ஐந்து நாற்காலியும் எனக்காகப் போடப்பட்டவை என்று அங்கே போய் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

அந்த வருடம் ஆகஸ்டில் மருமகள் பேத்தியோடு விடுமுறைக்கு இங்கே வந்தாள். திரும்பிப் போகும் தேதியை ஒரு தடவை தள்ளிப்போட்டாள். இரண்டாம் தடவை தள்ளிப்போட்டபோது பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மகன் அங்கிருந்து என்னிடம்தான் பேசினான், அவளிடம் பேசப் பயந்து. "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்றான். "தப்பு பண்ணினது நான். நீ அவகிட்ட வீட்டைப் பத்திக் கேளு" என்றேன்.

கேட்டிருக்கிறான். மூன்று மணி நேரம் பேசினார்கள். சண்டையா சமாதானமா என்று வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவள் கிளம்பிப் போனாள். போன பத்தே நாளில் எட்டுப் பேர் மேசை இணையத்தில் கால் விலைக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு வட்ட மேசை. யாரோ வீடு மாறியபோது கொடுத்ததாம். சமையலறையை மாற்றப் பணம் இல்லை. மாற்றிப் போடுகிறவரை சமையல் மேடைக்குப் பக்கத்தில் உயரம் குறைந்த இன்னொரு மேசையைப் போட்டு, அதன்மேல் சின்ன இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துக்கொண்டிருக்கிறாள். தரையில் நின்று தோசை வார்க்கிறாள். போன மாதம் வீடியோவில் பார்த்தபோது டப்பாக்கள் அலமாரியில் இருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே அடுக்குமாடிகளில் 'கேர்வோகெ' என்று ஒரு பழக்கம். வாரத்துக்கு ஒரு குடும்பம் மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்த வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். பழைய ஒண்டுக்குடித்தனத்தில் வாசல் தெளிக்க முறை வைத்திருந்தோமே, அதே மாதிரி. இப்போது அந்தப் பலகை வந்தால் பேத்தி ஓடிப்போய், "எங்க வீட்டு முறை" என்கிறாளாம்.

இதையெல்லாம் சுருக்கி இரண்டாம் மாடிக்காரரிடம் நேற்றுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "நேத்துதான் தி. நகர் போயி ரங்கநாதன் தெருவுல பத்து லிட்டர் குக்கர் ஒண்ணு வாங்கிட்டோம். அதை மட்டும் அனுப்பிடட்டுமா?" என்றார்.

"கேட்டுட்டு அனுப்புங்க" என்றேன்.

"மாப்பிள்ளைகிட்டயா?"

"பொண்ணுகிட்ட."